ஆயிதின் அப்பா கண்ட தடம்

"நேத்து சாயங்காலம் தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டு, பாதியில திரும்பி ஓடி வந்தது நீதானே?" என்று கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வஸ்பியா அதன் பின்னால் நின்றிருந்தாள். டமாஸ்கஸிலிருந்து அந்தச் சின்ன ரயில் நிலையத்துக்கு அவள் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா ருஷ்தி எஃபெந்திதான் நிலைய அதிகாரி. அவரைத் தவிர அங்கே யாரிடமும் அவள் இன்னும் பேசியிருக்கவில்லை.

"யார் சொன்னது?" என்றாள்.

"உன் காலு சொல்லிச்சு. போறப்ப குதிங்கால் அழுத்தமா விழுந்திருக்கு. வர்றப்ப விரல் மட்டும்தான் மண்ணைத் தொட்டிருக்கு. எதைப் பார்த்துப் பயந்தே?"

"பயப்படல. குளிரா இருந்துச்சு."

"குளிருக்கு ஓடுறவ நேரா ஓடுவா. நீ ரெண்டு தடவை நின்னு திரும்பிப் பார்த்திருக்கே. நரிதானே? மூக்குல வெள்ளை இருக்கும். அது ஒண்ணும் பண்ணாது. என் செருப்பை மட்டும் ஒரு தடவை தின்னுடுச்சு."

வஸ்பியா சத்தம் வராமல் சிரித்தாள். "உங்க பேர் என்ன?"

"ஹுலைல். ஆயிதோட அப்பான்னு கூப்பிடு. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"ஆயிதோட அப்பா, பொண்ணுங்க முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு கண்ணைத் தாழ்த்திக்கிறீங்க. தாழ்த்தின கண்ணால காலைப் படிச்சிடுறீங்களே, அது மட்டும் சரியா?"

"நான் என்ன செய்ய? மேல பார்த்தா பாவம், கீழ பார்த்தா தொழில்."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எஃபெந்தி எங்க?" என்று கேட்டார்.

"உள்ள. காய்ச்சல்ல நடுங்கிட்டிருக்கார்."

"அப்ப அந்தத் துருக்கிப் பட்டாள அதிகாரிக்கு யாரு சொல்றது? அவனுக்கு நம்ம பேச்சுல 'வா', 'தண்ணி', 'நாயே' மூணும்தான் தெரியும்."

"நான் சொல்றேன். எனக்குத் துருக்கி வரும். ஆறு வருஷம் பள்ளிக்கூடத்துல படிச்சேன்."

"ரெண்டு வாய் இருக்கிறவளை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார் ஹுலைல். "சரி, சொல்லு. பாதை சுத்தம். வண்டி போகலாம். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

அவள் கதவிடுக்கு வழியாகவே அதைத் துருக்கியில் சொன்னாள். வெளியே நின்றிருந்த துணைத்தளபதி நாஸிம் கையை ஆட்டினான். ரயில் வடக்கே போனது. அன்றைக்கு அவ்வளவுதான்.

ஹுலைலுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. முன்னால் குனிந்து, எதையோ தொலைத்துவிட்டவர்போல நடப்பார். மாஆன் நகருக்குத் தெற்கே, கருங்கற்கள் சிதறிக் கிடக்கும் அந்த வெளியில், நிலையத்திலிருந்து வடக்கே மூன்று கண் பாலம் வரைக்கும் உள்ள தண்டவாளத்துக்கு அவர்தான் கண். சாயங்காலம் ஒட்டகத்தின் பின்னால் முள்செடியைக் கயிற்றில் கட்டி, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போவார். மணல் அழித்துவைத்த பலகை மாதிரி ஆகிவிடும். விடிந்ததும் அதே வழியில் நடந்து போய், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். அவர் வந்து "சுத்தம்" என்று சொன்ன பிறகுதான் எஞ்சினில் தீயை ஏற்றுவார்கள்.

அதற்குக் கூலி தண்ணீர். நிலையத்துக் கிணற்றில் நாள்தோறும் மதியம் அவருடைய கூட்டத்தின் ஆடுகளும் ஒட்டகங்களும் குடிக்கலாம். உலகப் போர் தொடங்கி மூன்றாவது வருஷம். மழை இல்லை. சுற்றுவட்டாரத்தில் மற்ற கிணறுகளில் ஏதாவது ஒரு தரப்பு செத்த மிருகத்தைப் போட்டிருக்கும், இல்லை வெடிவைத்துத் தூர்த்திருக்கும். இந்த ஒரு கிணற்றில்தான் இருநூறு பேருடைய உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலையை ஒத்துக்கொண்ட அன்று ஹுலைல் வலது உள்ளங்கையை மண்ணில் வைத்து, "கண்டதைச் சொல்லுவேன். கேட்டா மறைக்க மாட்டேன்," என்று சொன்னார். துருக்கி அதிகாரிகளுக்கு அது வெறும் சடங்கு. அவருடைய ஆட்களுக்கு அப்படியில்லை. அவர்களிடையே தடம் பார்ப்பவரின் சொல்லுக்குச் சாட்சி தேவையில்லை. ஒட்டகம் களவு போனாலும், ஆள் வெட்டுப்பட்டுக் கிடந்தாலும், அவர் தடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்து ஒரு பெயரைச் சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்தது. பெயர் சொல்லப்பட்டவனின் சொந்தக்காரர்கள் அவர்மேல் கோபப்படக் கூடாது. அந்தச் சொல்லால் ஓர் உயிர் போனாலும், அந்த ரத்தத்துக்கு அவர் வீட்டில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொல்வது மண்தான், அவர் வாய் அதற்கு வழி, அவ்வளவுதான் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஒரு தடவை ஆள் பார்த்துச் சொன்னார் என்று ஆகிவிட்டால், அதுவரை அவர் சொன்ன எல்லாப் பெயர்களுக்கும் அவர் வீடு பொறுப்பாகிவிடும்.

இதெல்லாம் வஸ்பியாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ருஷ்தி எஃபெந்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வரும். காய்ச்சல் வரும் நாளில் கதவுக்குப் பின்னால் அவள் நிற்பாள்.

நவம்பரில் அப்படி ஒரு காய்ச்சல் நாளில் ஹுலைல் வழக்கத்தைவிடச் சீக்கிரமே திரும்பி வந்தார். நாஸிம் எப்போதும் கேட்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டான். பாதை சுத்தமா? இல்லையென்றால், யாருடைய கால்?

"சுத்தமில்ல. தண்டவாளத்தோட திருகாணி எட்டைக் கழட்டியிருக்காங்க," என்றார் ஹுலைல். கையை மண்ணில் வைத்தார். "துவைஹிர். வலது கால்ல சுண்டுவிரல் இல்லாதவன்."

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல வஸ்பியா பிழையில்லாமல் அதைச் சொன்னாள். சுண்டுவிரலுக்குத் துருக்கியில் என்ன சொல் என்பதுகூட அவளுக்குச் சட்டென்று வந்தது. அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மூன்றாம் நாள் துவைஹிரைப் பிடித்துக்கொண்டு வந்து, எஞ்சினுக்குத் தண்ணீர் விடும் தொட்டியின் இரும்புக் கையில் தூக்கிலிட்டார்கள். இறக்காமல் இரண்டு நாள் விட்டுவைத்தார்கள். அந்த இரண்டு நாளும் சிப்பாய்கள் வாளியில் மொண்டுதான் எஞ்சினை நிரப்பினார்கள். வஸ்பியா அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை.

அடுத்த காய்ச்சல் நாளில் அவள் கேட்டாள்: "ஆயிதோட அப்பா, தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாங்களே."

"கேட்டா?"

"தெரிஞ்சதைத் தெரியலைன்னு சொல்லி என் வாய்க்குப் பழக்கமில்ல, மகளே." பிறகு அவரே சொன்னார்: "அவன் அம்மா கையால நான் பால் வாங்கிக் குடிச்சிருக்கேன். இன்னைக்கு அவ கூடாரத்தைத் தாண்டித்தான் வந்தேன். அவ என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கல. திருப்பக் கூடாதுன்னு அவளுக்கும் தெரியும். ஆனா அவ நாயி என்னைப் பார்த்து எப்பவும் குரைக்கும். இன்னைக்குக் குரைக்கல."

குளிர்காலத்தில் ஆயிதைப் பற்றிய பேச்சு வர ஆரம்பித்தது. ஹுலைலின் ஒரே மகன், பத்தொன்பது வயது. துருக்கியை எதிர்த்து எழுந்த ஷெரீஃபின் ஆட்களோடு போய்ச் சேர்ந்திருந்தான். போனவன் சும்மா திரும்பி வரவில்லை. புதுத் துப்பாக்கி, சிவப்பெழுத்து போட்ட மூட்டையில் வெள்ளை வெளேரென்ற மாவு, ஒரு பக்கம் குதிரைக்காரன் பொறித்த தங்கக் காசு. அவன் அம்மா அந்த மாவில் ரொட்டி சுட்டாள். மூன்று வருஷமாக வாற்கோதுமையைத் தின்ற வாய்க்கு அது ருசியாகவே இல்லை, பஞ்சைத் தின்ற மாதிரி இருந்தது என்று ஹுலைல் சொன்னார்.

ஒருநாள் அவர் தலைத்துணிக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கதவுக்கடியில் தள்ளினார். "இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு."

வஸ்பியா பயந்துபோய் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவள் மெதுவாகப் படித்தாள். அரபிகளே எழுங்கள், உங்கள் நாடு உங்களுக்கு, உங்கள் மானம் உங்களுக்கு என்று போய்க்கொண்டிருந்தது அது.

"நல்ல அரபி," என்றாள். "நல்லாப் படிச்சவங்க எழுதினது."

"யாரு?"

"ஷெரீஃப் பேரு போட்டிருக்கு."

"அதைக் கேட்கல. யாரு காலு?"

அவள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கனமான, வழவழப்பான தாள். டமாஸ்கஸில் இப்படிப்பட்ட தாளை அவள் பார்த்தே மூன்று வருஷம் ஆகியிருந்தது. கீழே ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் அச்சகத்தின் ஊர் இருந்தது.

"எகிப்துல அடிச்சிருக்காங்க."

"அங்க யாரு ராஜ்ஜியம்?"

"இங்கிலீஷ்காரங்க."

"அதான் பார்த்தேன். பாலத்துக்கிட்ட போன வாரம் நம்ம ஒட்டகத் தடம் போகுது. அதுக்குப் பின்னாலயே, அது கால் வெச்ச எடமாப் பார்த்து, ஆணி அடிச்ச பூட்ஸ் ஒண்ணு போகுது. வெறுங்காலோட நடந்தே பழக்கமில்லாத ஆளு. குதிங்கால் குழி மாதிரி விழுந்திருக்கு." அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "டமாஸ்கஸையே நமக்குத் தர்றாங்களாம். ஆயித் சொல்றான். குடுக்கிறவன் கையில அது இருக்கான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"அப்பா, நீங்க மண்ணைப் பார்த்துப் பார்த்தே கிழவனாயிட்டீங்கன்னு சொன்னான். அது பரவாயில்ல. ஒரே ஒரு நாள், பாதை சுத்தம்னு சொல்லிடுங்க, அது போதும்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கண்டா சொல்லுவேன்டான்னேன். என் கண்ணுக்குத் தப்பி வர முடிஞ்சா வான்னேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "கோபத்துல சொன்னது. சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே பந்தயம்னா தூக்கம் வராது."

பிப்ரவரியில் தெற்கேயுள்ள ராணுவக் காவல் முகாம்களிலிருந்து காயம்பட்டவர்களையும், அதிகாரிகளின் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வந்து நின்றது. மாஆனுக்குப் போக வேண்டிய வண்டி. எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியில் கைக்குழந்தை ஒன்று விடாமல் அழுதது. அன்றைக்கும் அப்பாவுக்குக் காய்ச்சல்.

ஹுலைல் வரவேண்டிய நேரம் தாண்டிப் போனது. வெயில் தொட்டியின் இரும்புக் கையைத் தொட்டபோதுதான் வந்தார். வந்தவர் ஸலாம் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்தார். கதவிடுக்கில் அவருடைய கைகள் மட்டும் வஸ்பியாவுக்குத் தெரிந்தன. ஒன்றோடொன்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், மண் போகாத மாதிரி.

நாஸிம் வந்து நின்றான். இருபத்தாறு வயது, விடாத இருமல், தூக்கமில்லாத கண்கள். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு எழுதும் கடிதங்களை ருஷ்தி எஃபெந்தியிடம் கொடுத்து, போய்ச் சேருமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"பாதை சுத்தமா?"

அவள் கேட்டாள்.

"இல்ல," என்றார் ஹுலைல். "பாலத்துக்கு இந்தப் பக்கம் நாப்பது அடி. தண்டவாளக் கட்டைக்கு அடியில மண்ணு புதுசு. மேல ஆட்டு மந்தையை ஓட்டி மறைச்சிருக்காங்க."

அவள் அதைச் சொன்னாள். நாஸிம் திரும்பி ரயிலைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "யாருடைய ஆடுகள்? ஓட்டியது யார்?"

அந்தக் கேள்வியையும் வஸ்பியா அரபியில் முழுதாகச் சொன்னாள், ஒரு சொல் சிந்தாமல்.

ஹுலைல் உள்ளங்கையை வாசல் மண்ணில் வைத்தார். எஞ்சின் இரைச்சலில் அவருடைய குரல் கதவிடுக்கு வரைக்கும்தான் எட்டியது.

"ஆடு என்னோடது. நடுவுல என் நொண்டி வெள்ளாட்டோட காலு இருக்கு. மந்தையில பாதி சினை ஆடு. சினை ஆட்டை யாரும் ஓட்டமா ஓட்ட மாட்டாங்க, அவசரக்காரன் ஓட்டியிருக்கான். ஓட்டினது ஆயித். என் மகன். கூட ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் அந்த பூட்ஸ்காரன்."

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. தொட்டியின் இரும்புக் கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"என்ன சொல்கிறான்?" என்றான் நாஸிம்.

"ஆடுகள் யாருடையவை என்று தெரியவில்லையாம்," என்று வஸ்பியா துருக்கியில் சொன்னாள். "ஓட்டியவனின் கால் குளம்புகளுக்கடியில் அழிந்துவிட்டதாம்."

"இவனுக்கா தெரியவில்லை?"

"அப்படித்தான் சொல்கிறார்."

நாஸிம் ஹுலைலைப் பார்த்தான். மண்ணில் வைத்த கையைப் பார்த்தான். இருமினான். பிறகு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு வடக்கே ஓடினான். மஞ்சள் செங்கல் மாதிரி அடுக்கிய வெடிமருந்தையும் எண்ணெய்த்துணியில் சுற்றிய கம்பிச் சுருளையும் தோண்டி எடுத்து வந்தார்கள். தகரப் பெட்டியில் இருந்த எழுத்து அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. மதியம் ரயில் புறப்பட்டது. கடைசிப் பெட்டியிலிருந்து யாரோ ஒரு பெண் இந்த ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். வஸ்பியா கையைத் தூக்கவில்லை.

ஹுலைல் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாராம். மகனுக்கு ஆள் அனுப்பித் தப்பிக்கச் சொல்லவில்லை. சிப்பாய்கள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள், மறுபடி ஒரு காய்ச்சல் நாளில், நிலையத்துக்கு வந்தார்.

"நான் சொன்னது அவன்கிட்டப் போய்ச் சேரலையா?" என்று கேட்டார்.

"சேரல," என்றாள் வஸ்பியா.

அவர் நன்றி சொல்லவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. எஃபெந்திக்கென்று எப்போதும் கொண்டுவரும் காய்ந்த தயிர்க்கட்டியை வாசலில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் நடந்து போன தடத்தை அன்றைக்கு அவளும் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றிருந்தார், திரும்பாமல்.

அதன் பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பதிலை அவள் மாற்றியிருக்கவே வேண்டாம். நாஸிமின் இரண்டாவது கேள்வியை மட்டும் அரபியில் சொல்லாமல் விட்டிருந்தால் போதும். 'எவ்வளவு ஆழத்தில் புதைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்' என்று எதையாவது சொல்லியிருக்கலாம். கேட்காவிட்டால் ஹுலைல் சொல்லியிருக்க மாட்டார், சொல்லாததில் பொய்யும் இல்லை. அவள் பள்ளிக்கூடத்துப் பெண். கேள்வியைப் பிசகாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதிலைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

நிலையத்துச் சிப்பாய்கள் பேசிக்கொண்டது ஆயிதின் காதுக்கும் எட்டியது. அவன் சும்மா இருக்கவில்லை. கூடாரம் கூடாரமாகப் போய்க் காபிக்கு உட்கார்ந்த இடத்திலெல்லாம் சொன்னான்: "எங்க அப்பா என் காலைப் பார்த்தாரு. பார்த்துட்டு, தெரியலைன்னு துருக்கிக்காரன் மூஞ்சியிலயே சொன்னாரு! நொண்டி ஆட்டைத் தெரியாதாம், எங்க அப்பாவுக்கு!" அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பானாம். அத்தனை வருஷம் மண்ணைத் தவிர வேறெதையும் பார்க்காத அப்பா கடைசியில் தன்னைப் பார்த்துவிட்டார் என்று அவனுக்குப் பூரிப்பு.

இதை வஸ்பியாவுக்குச் சொன்னவள் வெண்ணெய் கொண்டுவரும் ஃபித்தா. அவளும் முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுத்த வாரம் வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"துவைஹிரோட அண்ணன் வழக்கு வெச்சிருக்கான்," என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்கா? தன் மகன் காலை மறைக்கத் தெரிஞ்சவருக்கு, என் தம்பி காலை மறைக்கத் தெரியலையாங்கிறான். அப்ப அது மண்ணு சொன்ன சொல்லு இல்ல, இந்த மனுஷன் தேர்ந்தெடுத்துக் கொன்னதுங்கிறான். ரத்தத்துக்கு ரத்தம் கேட்கிறான். ஆயிதைக் கேட்கிறான்."

"ஹுலைல் என்ன சொல்றார்?"

"நான் மறைக்கல, சொன்னேன்னு சொல்றாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. சொல்லியிருந்தா உன் மகன் இந்நேரம் அந்தத் தொட்டியில தொங்கியிருப்பானே, இங்க உட்கார்ந்து எப்படிக் காபி குடிக்கிறான்னு கேட்கிறாங்க. ஆயித்கூடச் சிரிக்கிறான், அப்பா அடக்கமா பேசுறாருன்னு நெனச்சுக்கிட்டு." ஃபித்தா வெண்ணெய்த் தோல்பையை மூடிக் கட்டினாள். "துவைஹிரோட அம்மா மட்டும் சிரிக்கல. அவ இப்பல்லாம் ஹுலைலைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறா."

ஆயித் அடுத்த தாக்குதலுக்குப் போகாமல் வழக்குக்காகக் காத்திருந்தான். ஓடிப்போனால் அப்பாவின் தலைக்கு வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். கூட்டத்தில் பாதிப்பேர் கையில் இங்கிலீஷ் துப்பாக்கி இருந்தது. வழக்கின் இரண்டு பக்கமும் ஒரே பெட்டியிலிருந்து வந்த தோட்டாக்கள்.

அந்த மாதக் கடைசியில், தெற்கேயுள்ள நிலையங்களையெல்லாம் காலி செய்துவிட்டு மாஆனுக்குப் பின்வாங்கச் சொல்லித் தந்தி வந்தது. ருஷ்தி எஃபெந்தியைப் பாயோடு தூக்கி ரயிலில் ஏற்றினார்கள். நாஸிம் அவளிடம் தன் அம்மாவுக்கான கடிதத்தைக் கொடுத்தான். வழக்கு நாள் இன்னும் வந்திருக்கவில்லை. ரயில் பாலத்தைத் தாண்டும்போது வஸ்பியா ஜன்னல் வழியாக மணலைப் பார்த்தாள். அன்று அதை யாரும் பெருக்கியிருக்கவில்லை. தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

அக்டோபரில் ஷெரீஃபின் குதிரைகளும் இங்கிலீஷ்காரர்களின் மோட்டார் வண்டிகளும் டமாஸ்கஸுக்குள் வந்தன. தெருவெல்லாம் பன்னீர் தெளித்தார்கள். மாடியிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். வஸ்பியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள். குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒருவனின் பேச்சை வைத்து அவன் எந்தக் கூட்டம் என்று அடையாளம் கண்டு, பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"ஆயிதோட அப்பா எப்படி இருக்கார்?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "யாரு? ஹுலைலா? ஆடு மேய்க்கிறாரு."

"தடம் பார்க்கிறதில்லையா?"

"யாரு கூப்பிடுறா?" அவன் குதிரையின் கழுத்தைத் தட்டினான். "நீ சொன்னியே அந்தப் பேரு, அதைச் சொல்லிக் கூப்பிட்டா, அந்த வழக்கு முடிஞ்சதுலேருந்து அவரு திரும்பிப் பார்க்கிறதில்ல."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மோட்டார் வண்டியிலிருந்து ஆணி அடித்த பூட்ஸோடு ஒருவன் இறங்கி, தண்ணீர் தெளித்த தெருவில் குதிங்கால் பதிய நடந்து போனான். அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

நிலையத்தைக் காலி செய்யச் சொன்ன தந்தி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஹுலைல் கடைசியாக அந்தக் கதவுக்கு வந்திருந்தார். அன்று அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லாத நாள். அப்பாவுடன் பேச வந்திருந்தால் முன்வாசலுக்குப் போயிருப்பார். ஹுலைல் பின்பக்கம் வந்து, கதவுக்கு வெளியே, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

"ஃபித்தா சொல்லியிருப்பா," என்றார்.

"சொன்னா."

"உன்மேல எனக்குக் கோபம் இல்ல, மகளே. அந்த மூணு நாள் வாசல்ல உட்கார்ந்திருந்தேனே, சிப்பாய் வரலைன்னு தெரிஞ்சப்ப என் நெஞ்சு எப்படி எறங்குச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அதை நான் மறைக்க மாட்டேன்."

வஸ்பியா கதவின் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் வழக்குல வந்து உண்மையைச் சொன்னா, அது நாஸிம் காதுக்கு வரும். நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அப்பாவையும் என்னையும்..."

"தெரியும்."

"அதுமட்டுமில்ல. ஆயித் அங்க இருப்பானே. நீங்க அவனைக் காட்டிக் கொடுத்தீங்கன்னு அவனுக்கு..."

"அதுவும் தெரியும்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் அவருடைய ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன. நொண்டி ஆடு மட்டும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றது.

"பிறை தெரிஞ்ச மூணாம் நாள் வழக்கு," என்றார். "பள்ளத்தாக்குக்குள்ள, பெரிய கூடாரத்துல. பெண்டுகளுக்குன்னு கூண்டு கட்டின ஒட்டகம் ஒண்ணு நானே கொண்டு வர்றேன். உன் முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. திரைக்குப் பின்னால உட்கார்ந்து சொன்னாப் போதும், இங்க நின்னு சொல்ற மாதிரி. என் பையன் எனக்கு எதிர்ல உட்கார்ந்திருப்பான். அவன் கேட்கிறானேன்னு வார்த்தையைக் குறைச்சுடாத. அன்னைக்கு நான் கையை மண்ணுல வெச்சு என்ன சொன்னேனோ, அவன் பேரோட, அதை அப்படியே சொல்லு."